ரூத்தின் புத்தகத்தோடு நின்ற ஓட்டம்



1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று தரங்கம்பாடியில் பர்த்தலோமேயு சீகன்பால்க் ஐயர் கண்மூடினார். அப்போது அவர் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்த பழைய ஏற்பாடு, ஆதியாகமத்தில் தொடங்கி ரூத்தின் புத்தகம் வரை வந்திருந்தது. எட்டுப் புத்தகங்கள் முடிந்திருந்தன; முப்பத்தொன்று மீதமிருந்தன. அவருக்கு வயது 36.

இந்தச் செய்தியை நான் வேதாகமக் கல்லூரியில் படித்த நாளிலேயே மனனம் செய்தவன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவன். ஆயினும் அதன் கனத்தை உணர்ந்தது, சென்ற ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில், ஜெர்மனி தேசத்தின் ஹாலே நகரில், காலை இழுத்து இழுத்து நடந்துவந்த என் மகளின் பக்கத்தில் நின்றபோதுதான். அந்தப் பயணத்தின் வரலாற்றையும், அது என்னிடம் கேட்ட கேள்வியையும் இந்த வாரச் சிந்தனையாக உங்கள் முன் வைக்கிறேன்.

சென்னையில் பணிபுரியும் என் மூத்த மகள் சில ஆண்டுகளாக நெடுந்தூரம் ஓடிப் பழகுகிறவள். பெர்லின் மாரத்தானுக்கு விண்ணப்பிப்போர் மிகுதி. ஆகையால் குலுக்கல் முறையிலேயே பெரும்பாலோருக்கு இடம் கிடைக்கும். அவளுடைய பெயர் விழுந்தது. "நான் ஓடும்போது நீங்களும் அம்மாவும் அங்கே இருக்க வேண்டும், உங்களுக்கு விட்டன்பர்க்கும் ஹாலேயும் காட்டுகிறேன்" என்றாள். கல்லூரியில் படிக்கும் மகனும் சேர்ந்துகொண்டான். அவளுடைய சேமிப்பும் என்னுடைய சிறு சேமிப்புமாக நால்வரும் புறப்பட்டோம்.

ஓய்வுநாளில் ஓட்டமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். என் மகளே முதலில் அதைக் கேட்டாள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், ஞாயிற்றுக்கிழமை என்பதால் நூறு மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்றை விட்டுக்கொடுத்த எரிக் லிடலை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவோம். அவர் நானூறு மீட்டரில் தங்கம் வென்றார். பின்னர் சீனாவில் மிஷனெரியாக உழைத்து, 1945-இல் அங்குள்ள தடுப்பு முகாமில் மரித்தார். அவருடைய மனச்சாட்சியை நான் மதிக்கிறேன். என் மகளின் மனச்சாட்சியை அவளிடமே விட்டேன். சனிக்கிழமை மாலை தங்குமிடத்திலேயே குடும்பமாக ஆராதனை செய்தோம்.

மாரத்தான் என்னும் ஓட்டம் பவுல் அப்போஸ்தலனுக்குத் தெரியாதது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பண்டைய கிரேக்க விளையாட்டுகளில் அப்படியொரு போட்டி இருந்ததில்லை. 1896-இல் ஏதென்ஸில் ஒலிம்பிக் மீண்டும் தொடங்கப்பட்டபோதுதான் அது பிறந்தது. 42.195 கிலோமீட்டர் என்ற கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது, 1921-இல் நிலைபெற்றது. 1 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தை எழுதிய கை கண்டது பந்தய மைதானத்துக்குள் ஓடும் ஓட்டங்களையே. நம் பிரசங்கங்களில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். நானும் பலமுறை செய்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விட்டன்பர்க் சென்றோம். பெர்லினிலிருந்து ஹாலேக்குப் போகும் இருப்புப்பாதையில் இடையில் இருக்கும் சிறு நகரம் அது. எல்லோரும் முதலில் தேடுவது கோட்டை ஆலயத்தின் கதவை. 1517 அக்டோபர் 31-ஆம் நாளோடு இணைத்து நாம் நினைவுகூரும் அந்த மரக்கதவு இன்று இல்லை. ஏழாண்டுப் போரின்போது, 1760-இல், எரிந்துபோனது. இப்போது அங்கே நிற்பது பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் 1858-இல் அமைத்த வெண்கலக் கதவு. தொண்ணூற்றைந்து வாதக் குறிப்புகளும் லத்தீனில் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே லூத்தரின் கல்லறையும், அவருடைய உடன் ஊழியர் மெலாங்தனின் கல்லறையும் இருக்கின்றன.

இருவர் கல்லறையும் ஒரே ஆலயத்தில் இருப்பது பொருத்தமானது. லூத்தர் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது புதிய ஏற்பாட்டைச் சில வாரங்களிலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்; 1522 செப்டம்பரில் அது அச்சாகியது. ஆனால் முழு வேதாகமம் வெளிவர 1534 வரை ஆனது. பழைய ஏற்பாட்டுக்கு எபிரெயம் அறிந்தவர்கள் வேண்டியிருந்தது. மெலாங்தன், அவுரோகல்லுஸ், புகன்ஹாகன், குரூட்சிகர் ஆகியோர் உடனிருந்து சொல் சொல்லாக உழைத்தார்கள். லூத்தர் வேதாகமம் என்று ஒருவர் பெயரால் அழைக்கப்படும் நூல் பலருடைய கைவேலை.

அங்கிருந்து லூத்தர் பிரசங்கித்த புனித மரியாள் ஆலயத்துக்கு நடந்தோம். அதன் வெளிச்சுவரில், உயரத்தில், ஒரு கற்சிற்பம் இருக்கிறது. யூதர்களைப் பன்றியோடு இணைத்து இழிவுபடுத்தும் சிற்பம். 1300-ஆம் ஆண்டையொட்டி, லூத்தருக்கு இருநூறு ஆண்டுகள் முன்னரே வைக்கப்பட்டது. லூத்தர் அதைக் கண்டு வெட்கப்பட்டிருந்தால் நலமாயிருந்திருக்கும். அவரோ தம் எழுத்தில் அதைப் புகழ்ந்து பேசினார். 1543-இல் யூதர்களுக்கு விரோதமாக அவர் எழுதிய நூல், அவர்களுடைய ஜெப ஆலயங்களை எரிக்கும்படி கூறுகிறது. நானூறு ஆண்டுகள் கழித்து அந்தத் தேசத்தில் ஜெப ஆலயங்கள் மெய்யாகவே எரிந்தன. 1988-இல் அந்தச் சிற்பத்துக்கு நேர் கீழே, தரையில், அந்தச் சபையார் ஒரு வெண்கல நினைவுப் பலகையைப் பதித்தார்கள். சிற்பத்தை அகற்ற வேண்டுமென்ற வழக்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2022-இல், அகற்ற வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று.

என் மகன் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவரைத்தான் நம் சபையில் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகிறோமா அப்பா?" என்றான். ஆம் என்றேன். எபிரெயர் 12-ஆம் அதிகாரம் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது, முதலில் சுமைகளை இறக்கிவைக்கச் சொல்கிறது. முன்னோரிடமிருந்து நாம் பெற்றுக்கொண்டவற்றில் வேதமும் உண்டு, விஷமும் உண்டு. ஒன்றை வாங்கிக்கொள்கிற கை மற்றொன்றைக் கீழே வைக்கவும் அறிந்திருக்க வேண்டும். மகனுக்கு இப்படிப் பதில் சொன்ன எனக்கு, அந்த வசனம் மறுநாளே என்னை நோக்கித் திரும்பும் என்று தெரியாது.

சனிக்கிழமை காலை பெர்லினில் பெர்னாவர் வீதிக்குச் சென்றோம். 1961 ஆகஸ்ட் 13 அன்று நகரம் இரண்டாகப் பிளக்கப்பட்டபோது, எல்லை இந்த வீதியை ஒட்டியே ஓடியது. 1894-இல் கட்டப்பட்ட ஒப்புரவாக்குதலின் ஆலயம் இங்கே இருந்தது. ஆலயம் நின்ற நிலம் கிழக்கில். சபையாரில் பெரும்பாலோர் வாழ்ந்த தெருக்கள் மேற்கில். ஆலயத்தின் தலைவாசலை மறித்துச் சுவர் எழுந்தது. சில மாதங்களில் எவருமே உள்ளே போக முடியாமற்போயிற்று. கோபுரத்தில் எல்லைக் காவலர் ஏறி நின்றார்கள். ஒப்புரவு என்று பெயரிட்ட ஆலயம் யாருக்கும் இல்லாத நிலத்தின் நடுவே பூட்டிக் கிடந்து, 1985 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஐந்தாண்டுகள்கூட ஆகவில்லை, சுவர் விழுந்தது. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 9 அன்று அதே இடத்தில் மண் சுவரால் ஒரு சிறிய ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பழைய ஆலயத்தின் இடிபாடுகளை நொறுக்கி அந்த மண்ணோடு கலந்து அறைந்திருக்கிறார்கள். சுவரைக் கையால் தடவினால் செங்கல் துண்டும் கண்ணாடிச் சில்லும் தட்டுப்படுகின்றன.

அந்த ஆலயத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல்லறைத் தோட்டம். எல்லைக் காவலுக்கு வெட்டவெளி வேண்டுமென்று அதன் ஒரு பகுதியிலிருந்த கல்லறைகளைப் பெயர்த்து, பிரேதங்களை அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். சுவர் எழுப்புகிறவர்கள் மரித்தவர்களையும் விடுவதில்லை. அதைப் படித்த நிமிடம் எனக்கு எங்கள் சேகரத்தின் கல்லறைத் தோட்டம் கண்முன் வந்தது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். பெர்லின் மாரத்தான் 1974-இல் மேற்கு பெர்லினின் காட்டுப்புறத்தில், முந்நூறு பேர்கூட இல்லாமல் தொடங்கியது. 1981-இல் நகர வீதிகளுக்குள் வந்தது. ஆனாலும் பாதி நகரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடவேண்டியிருந்தது. 1990 செப்டம்பர் 30 அன்று, தேசம் ஒன்றாவதற்கு மூன்றே நாட்கள் முன்பாக, ஓட்டம் முதன்முறையாகப் பிராண்டன்பர்க் வாயிலுக்குள் நுழைந்து கிழக்கே சென்றது. அன்று சிலர் அழுதுகொண்டே அந்தத் தூண்களுக்கிடையில் ஓடினார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் அடைபட்டிருந்த வாயில் அது. இப்போதும் ஓட்டத்தின் இறுதியில் அதைக் கடந்து சில நூறு மீட்டரில் முடிவுக்கோடு வருகிறது. என் மகள் மாதக்கணக்கில் மனத்தில் வைத்திருந்த காட்சியும் அதுதான்: அந்த வாயிலுக்குள் ஓடி நுழைவது.

நாங்கள் மூவரும் கைசர் வில்லியம் நினைவாலயத்தின் அருகே காத்திருந்தோம். ஏறக்குறைய 34-ஆவது கிலோமீட்டர். 1943 நவம்பர் குண்டுவீச்சில் எரிந்த அந்த ஆலயத்தின் கோபுரத்தைச் சீர்செய்யாமல், உடைந்த பல்லைப்போல் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் 1961-இல் பிரதிஷ்டையான புதிய ஆலயம். அதன் சுவர்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நீலக் கண்ணாடித் துண்டுகள். உள்ளே ஒரு கரிக்கோட்டுச் சித்திரம் தொங்குகிறது. குர்ட் ராய்பர் என்ற போதகர், படை மருத்துவராக ஸ்டாலின்கிராடில் சிக்கியிருந்தபோது, 1942 கிறிஸ்துமஸுக்காக ஒரு ரஷ்ய நிலப்படத்தின் பின்புறத்தில் வரைந்த தாயும் சேயும். படம் விமானத்தில் வீடு வந்து சேர்ந்தது. வரைந்தவர் வரவில்லை, 1944-இல் சிறை முகாமில் மரித்தார்.

மகள் வந்தாள். ஓடி வரவில்லை. வலது கெண்டைக்கால் தசை இறுகிப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் முகம் சுருங்க, சாலையோரத்துத் தடுப்பைப் பிடித்துப் பிடித்து வந்தாள். மருத்துவத் தன்னார்வலர் ஒருவர் காலைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இன்னும் எட்டு கிலோமீட்டர். அவள் மறுபடியும் எழுந்து இருபது அடி நடந்தாள்; பிறகு உட்கார்ந்துவிட்டாள். மார்பில் குத்தியிருந்த எண் அட்டையைத் தானே கழற்றினாள். என் மனைவி தன் சேலை முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"முடிக்கலையே அப்பா" என்றாள். அவ்வளவுதான்.

முப்பத்தோராண்டு போதக ஊழியத்தில் மரண வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் எனக்குச் சொல் கிடைக்காமல் போனதில்லை. 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரம் நாவின் நுனி வரை வந்தது. ஓட்டத்தை முடித்தேன் என்று எழுதியவனுடைய வசனத்தை, முடிக்காமல் அமர்ந்திருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் முன்னால் ஆயிரக்கணக்கானோர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அன்று முடித்தவர்கள் கழுத்தில் பதக்கத்தோடு இரவு வரை நகரமெங்கும் நடந்தார்கள். அவள் சாளரத் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஹாலே. அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். கைத்தடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஹாலே நகரின் பிராங்கே நிறுவனங்கள் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஒருவிதத்தில் தாய்வீடு. 1695-இல் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் போதகர், தம் இல்லத்துக் காணிக்கைப் பெட்டியில் விழுந்த நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளில் பெரிய அனாதை இல்லம் எழுந்தது. பின்னர் அச்சகம், மருந்தகம், நூலகம், நீண்ட மரச்சட்டக் கட்டடங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. இன்றும் அவற்றின் ஆவணக் காப்பகத்தில் நம் நாட்டிலிருந்து சென்ற தமிழ் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன.

சாக்சனியின் புல்ஸ்நிட்ஸ் ஊரில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த சீகன்பால்க், பெர்லினில் ஒரு பள்ளியில் பயின்று, 1703-இல் ஹாலேக்கு வந்தார். உடல்நலம் இடங்கொடுக்கவில்லை. படிப்பை முடிக்காமலே வெளியேறினார். தமிழ் நாட்டுக்கு வந்த முதல் புரொட்டஸ்டன்ட் மிஷனெரி, ஹாலேயின் கணக்கில் பாதியில் நின்ற மாணவர்! டென்மார்க்கின் மன்னர் நான்காம் பிரெடரிக் இந்தியாவுக்கு ஆட்களைத் தேடியபோது, அவரும் ஹென்றி புளுட்சோவும் இசைந்தார்கள். கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள்.

அதற்குப் பின் நடந்தவற்றை வரிசையாக எண்ணிப் பார்த்தால், அவர் தனியே ஓடி முடித்தது என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்து, 1708-இல் அவற்றுக்கு அட்டவணை எழுதினார். அதே ஆண்டில் டேனிஷ் கோட்டைத் தளபதி அவரைச் சிறையிலிட்டார், நான்கு மாதங்கள். 1711-இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு முடிந்தது. அச்சுப்பொறி இங்கிலாந்திலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்தன. 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சேறின. எஞ்சிய நிருபங்கள் 1715-இல் அச்சானபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். உடன் ஊழியர் கிரண்ட்லர் அந்த வேலையைப் பார்த்து முடித்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றைப் பற்றி 1713-இல் அவர் எழுதி அனுப்பிய பெருநூலைப் பிராங்கே அச்சிட மறுத்தார். அது 1867-இல் சென்னையில் வெளிவந்தது. எழுதியவர் மண்ணில் நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் உறங்கிய பிறகு!

பழைய ஏற்பாடு ரூத்தோடு நின்றது. கிரண்ட்லர் அதை ஏந்தினார். ஓராண்டு கடந்து 1720 மார்ச்சில் அவரும் மரித்தார். அதற்கு ஆறு மாதம் முன்னரே வந்திறங்கிய பெஞ்சமின் சூல்ட்சே, தமிழ் சரியாகப் பழகாத நிலையில் தனித்து நின்றார். சாமுவேலின் முதல் புத்தகத்திலிருந்து தொடங்கி மல்கியா வரை கொண்டுபோனவர் அவரே. 1728-க்குள் பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாயிற்று. அவருடைய தமிழும் கரடுமுரடானதே. ஹாலேயில் பயின்று 1740-இல் வந்த பப்ரிசியஸ் ஐயர் தம் வாழ்நாளையே திருத்தத்துக்குக் கொடுத்தார்; 1772-இல் வேப்பேரியில் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. பழைய ஏற்பாட்டின் கடைசிப் பகுதி அச்சாகி முடிவதைக் காணாமல் 1791-இல் அவரும் மரித்தார். நாம் இன்று கையில் வைத்திருக்கும் வேதாகமம் அவருடைய நடையின்மேல் எழுந்து, 1871-இல் பவர் ஐயர் குழுவினரால் உருப்பெற்றது. 1718-இல் சீகன்பால்க் ஞானஸ்நானம் கொடுத்த கடலூர் இளைஞர் ஆரோன், 1733-இல் குருப்பட்டம் பெற்றார். தென்னிந்தியாவில் லுத்தரன் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவர். அந்த நாளையும் சீகன்பால்க் காணவில்லை.

அனாதை இல்லத்தின் முகப்பில், கூரைக்குக் கீழே, சூரியனை நோக்கி எழும் இரண்டு கழுகுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றோடு ஏசாயா 40:31-இன் ஒரு பகுதி ஜெர்மன் மொழியில். எழுத்து, கழுகைப்போல் எழும்புவதோடு நின்றுவிடுகிறது. வசனத்தின் மீதி அங்கே இல்லை. ஆனால் அதை நாம் அறிவோம்: பறப்பதற்குப் பின் ஓடுவது, ஓடுவதற்குப் பின் நடப்பது. தீர்க்கதரிசி கடைசியில் வைத்தது நடையை.

அதன் கீழே இருந்த பலகையில் மகளை உட்காரவைத்து, இவற்றையெல்லாம் சொன்னேன். ரூத்தின் புத்தகம் எப்படி முடிகிறது என்று நினைவூட்டினேன். அது ஒரு வம்ச வரலாறு, தாவீதின் பெயரோடு முடிகிறது. தாவீது வருமுன்னரே அந்த மொழிபெயர்ப்பாளரின் எழுதுகோல் நின்றுபோயிற்று. அடுத்தவர் திறந்த முதல் புத்தகத்தில் தாவீது வந்தான். ஆகவே நின்றது தோல்வியன்று என்று பிரசங்கத்தை முடிக்கப் போனேன்.

அவள் இடைமறித்தாள். "அப்பா, அவர் செத்துப்போனார். எனக்குக் கால் பிடிச்சுக்கிட்டது. ரெண்டும் ஒண்ணா? என்னோட மீதி எட்டு கிலோமீட்டரை யாரும் ஓடப்போறதில்லை. நானே அடுத்த வருஷம் ஓடுவேன், இல்லைன்னா விட்டுடுவேன். அதைப் பெரிய கதையா ஆக்காதீங்க." சற்றுப் பொறுத்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இது எனக்குச் சொல்றீங்களா, உங்களுக்குச் சொல்லிக்கிறீங்களா?"

என் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பதில் தெரியும்.

பிரியமானவர்களே, நான் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். எங்கள் சேகரத்தின் கல்லறைத் தோட்டத்துக்குக் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் இருக்கிறது. அது எந்தச் சாதியை எந்தச் சாதியிலிருந்து பிரிக்கிறது என்பதை நான் எழுதவேண்டியதில்லை. இத்தகைய சுவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். பதினோராண்டுகளுக்கு முன் இங்கே வந்தபோது, அதை இடிப்போம் என்று சேகரக் கமிட்டியில் ஒருமுறை தீர்மானம் கொண்டுவந்தேன். கூச்சல் எழுந்தது, சில குடும்பங்கள் காணிக்கையை நிறுத்துவோம் என்றன. சபையின் சமாதானம் முக்கியம் என்று தீர்மானத்தைத் திரும்பப் பெற்றேன். பின்னர் அதைத் தொடவில்லை. அந்தப் பதினோராண்டுகளில் சுவரின் இரண்டு பக்கமும் நின்று, மரித்தோரின் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கித்தேன்.

இந்தச் சுமையும் பழையது. தரங்கம்பாடி மிஷனின் ஆலயங்களிலேயே சாதிப்படி தனித்தனி இருக்கைகள் இருந்தன. தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உண்மையாய் உழைத்த ராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் கொடுக்கும் எண்ணம் எழுந்தபோது, அவருடைய பிறப்பைச் சொல்லி எதிர்ப்பு எழுந்தது, எண்ணம் கைவிடப்பட்டது. வேதத்தைக் கொடுத்த அதே கைகள் இதையும் நமக்குக் கொடுத்துச் சென்றன. விட்டன்பர்க்கில் என் மகனுக்கு அத்தனை தெளிவாகப் பதில் சொன்ன நான், ஊரில் அந்தச் சுமையை இறக்கிவைக்காமல் சுமந்துகொண்டிருந்தேன்.

ஓய்வு நெருங்கும்போது, எனக்குப் பின் வருகிறவர் பார்த்துக்கொள்வார் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். அதற்குச் சீகன்பால்க்கின் பெயரைத் துணைக்கு அழைத்திருந்தேன். மகளின் கேள்வி அந்தத் துணையைப் பிடுங்கிவிட்டது. சீகன்பால்க் தம் கடைசிப் பெலன் வரை எழுதி, ரூத்தில் நின்றார். என் மகள் கால் மறுத்த பின்னும் இருபது அடி நடந்து நின்றாள். நானோ முதல் கிலோமீட்டரில், கால் நன்றாயிருக்கும்போதே, பயந்து நின்றவன். விட்டுச்செல்வது வேறு, ஒதுக்கிவைப்பது வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் அது மரித்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

அதை அவளிடம் அங்கேயே சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை; எழுவதற்குக் கையை நீட்டினாள். நால்வரும் அவளுடைய வேகத்துக்கே நடந்து ரயில் நிலையம் வந்தோம்.

ஊர் திரும்பிய பின், அந்தப் பழைய தீர்மானத்தைத் தேடி எடுத்தேன். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே, திரும்பப் பெறப்பட்டது என்று இருந்தது. வரும் கமிட்டியில் அதை மறுபடியும் முன்வைக்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூச்சல் எழும். மே மாதத்துக்குள் சுவர் விழாமற்போகலாம். அப்படியானால் எனக்குப் பின் வருகிறவருக்குத் தீர்மானத்தையும், அதற்கு எதிராகப் பேசப்பட்டவற்றையும், நான் பயந்துபோனதையும் மறைக்காமல் எழுதிவைத்துப் போவேன். அவர் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டியிராது.

இந்த வாரம் உங்களிடம் நான் கேட்பது ஒன்று. நீங்கள் பாதியில் நிறுத்திய காரியம் ஒன்று இருக்கும். பெலன் தீர்ந்து நின்றீர்களா, பயந்து நின்றீர்களா என்று ஆண்டவர் சமுகத்தில் அதை எடுத்துப் பாருங்கள். பெலன் தீர்ந்தவர்களை நோக்கி அவர் கோபம் கொள்கிறவர் அல்லர். பயந்தவர்களையும் அவர் மறுபடியும் எழுப்புகிறவர். பேதுருவுக்கு அது தெரியும்.

ஜெபம்: ஆண்டவரே, எங்களுக்கு முன் ஓடி, முடிவைக் காணாமல் உறங்கிய உமது ஊழியருக்காக உம்மைத் துதிக்கிறோம். அவர்களிடமிருந்து நாங்கள் பெற்ற நன்மையைக் காக்கவும், தீமையை இறக்கிவைக்கவும் எங்களுக்குத் துணிவு தாரும். எங்களுக்கு மீதியாயிருக்கும் நாட்களில், நடக்கவாவது செய்ய எங்களைப் பெலப்படுத்தும். ஆமென்.